நிறுவல் பாடத்திலிருந்து பின்னோக்கி: கலிபோர்னியாவில் சமுதாயக் கல்லூரிக் கணிதத்திலிருந்து பல்கலைக்கழகத்திற்கு, ஒரு நிகழ்வு ஆய்வு

கலிபோர்னியாவின் உயர்கல்வி அமைப்பு 1960ஆம் ஆண்டின் பெருந்திட்டத்தின் மீது நிற்கிறது. பள்ளி முடித்தோரில் முதல் எட்டில் ஒரு பங்கினர் கலிபோர்னியா பல்கலைக்கழகத்திற்கும், முதல் மூன்றில் ஒரு பங்கினர் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்திற்கும் உரியவர்கள் என்றும், சமுதாயக் கல்லூரிகள் அனைவருக்கும் திறந்திருக்கும் என்றும் அத்திட்டம் வகுத்தது. அதன் மற்றொரு பகுதி நம் வீடுகளில் அதிகம் பேசப்படுவதில்லை. சமுதாயக் கல்லூரியில் முதல் இரண்டு ஆண்டுகளைப் படித்தவர்கள் மூன்றாம் ஆண்டில் பல்கலைக்கழகத்தில் நுழைவதற்கு இடம் ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதும் அத்திட்டத்தின் உள்ளேயே எழுதப்பட்டது. எனவே மாறுதல் என்பது தோற்றவர்களுக்குக் கொடுக்கப்படும் இரண்டாவது வாய்ப்பு அன்று. அமைப்பின் வடிவத்திலேயே வைக்கப்பட்ட முறையான வாயில். சிலிகான் பள்ளத்தாக்கையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் சேர்ந்த தமிழ்க் குடும்பங்கள் இதைத் தெரிந்துகொள்வது பயன் தரும் என்பதால் இந்த ஆய்வைத் தமிழில் எழுதுகிறேன்.

இங்கே ஆராயப்படும் மாணவி குறிப்பிட்ட ஒருவர் அல்லர். விதிகள் உண்மையானவை, அவை ஒன்றன்மேல் ஒன்று எப்படி அழுத்துகின்றன என்று பார்ப்பதற்காக அமைத்துக்கொண்ட மாதிரியே அவர். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியின் கிழக்குக் கரையில் வசிக்கிறார். பள்ளியில் முன்நுண்கணிதம் வரை படித்து பி தரம் பெற்றவர்; உயர்நிலைப் பள்ளியிலேயே எழுதிக் கல்லூரிப் பாடத்துக்கு ஈடாகப் பெறக்கூடிய ஏ.பி. நுண்கணிதத் தேர்வை எழுதவில்லை. 2025 இலையுதிர் பருவத்தில் செமஸ்டர் முறையில் இயங்கும் ஒரு சமுதாயக் கல்லூரியில் சேர்ந்து, 2027 இலையுதிர் பருவத்தில் கணிதத்தை முதன்மைப் பாடமாகக் கொண்டு பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டில் நுழைய விரும்புகிறார். கலிபோர்னியா பல்கலைக்கழகமே அவருடைய முதல் விருப்பம். மாநிலப் பல்கலைக்கழகத்தின் சான் ஹோசே வளாகமும் ஈஸ்ட் பே வளாகமும் வீட்டிலிருந்து சென்றுவரக்கூடிய மாற்று வழிகள். முனைவர் படிப்பு வரை செல்லும் எண்ணமும் உண்டு, ஆனால் அது இன்னும் உறுதியாகவில்லை.

முதல் வரைவு எங்கே உடைந்தது

இத்தகைய மாணவர்கள் தாமாகவே போடும் முதல் திட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். முதல் பருவத்தில் ஆங்கிலம், வரலாறு, கலை, இன ஆய்வு போன்ற பொதுக்கல்விப் பாடங்களை எடுத்துக் கல்லூரிக்குப் பழகிக்கொள்வது. கணிதத்தை இரண்டாம் பருவத்தில் நிதானமாகத் தொடங்குவது. பொறுப்புள்ள திட்டமாகத் தோன்றும் இதுவே ஓராண்டை விழுங்கிவிடுகிறது.

காரணம், கணிதப் பாடங்கள் சங்கிலியாக அமைந்தவை. ஒருமாறி நுண்கணிதத்தின் முதற்பாடத்தில் தேறாமல் இரண்டாவதில் சேர முடியாது. இரண்டாவது இல்லாமல் பலமாறி நுண்கணிதம் இல்லை. வகைக்கெழுச் சமன்பாடுகளுக்குப் பல கல்லூரிகள் பலமாறி நுண்கணிதத்தையே முன்தேவையாக வைத்திருக்கின்றன. நான்கு கண்ணிகள், நான்கு செமஸ்டர்கள். பொதுக்கல்விப் பாடங்களுக்கு இத்தகைய வரிசை பெரும்பாலும் கிடையாது. அவற்றை எந்தப் பருவத்திலும், கோடையிலும், தேவையானால் இணையவழியிலும் எடுக்கலாம். ஆகவே முதல் செமஸ்டரில் கணிதத்தைத் தள்ளிவைப்பவர் நான்காம் செமஸ்டரில் வகைக்கெழுச் சமன்பாடுகளை அடைய மாட்டார். இடையில் ஒரு கோடைப் பருவத்தில் ஆறு அல்லது எட்டு வாரங்களில் ஒரு நுண்கணிதப் பாடத்தை முடித்தால் ஈடுகட்டலாம் என்று சொல்பவர்கள் உண்டு. பலமாறி நுண்கணிதத்தைப் பொறுத்தவரை இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கிரீன், ஸ்டோக்ஸ், பாய்வுத் தேற்றங்கள் கோடையின் கடைசி வாரத்தில் வந்து விழும். அவற்றை அரைகுறையாகக் கற்றுக்கொண்டு பல்கலைக்கழகத்திற்குச் செல்வதைவிட, கோடையில் பேச்சுக்கலைப் பாடத்தை முடித்துவிட்டுக் கணிதத்திற்கு முழுச் செமஸ்டரைக் கொடுப்பது நல்லது.

எனவே திருத்திய திட்டத்தின் முதல் முடிவு, முதல் நாளிலிருந்தே நுண்கணிதம். இதற்குச் சட்டமும் வழிவிடுகிறது. 2017இல் நிறைவேறிய ஏ.பி. 705 சட்டம் (இங்கே ஏ.பி. என்பது மாநிலச் சட்டப்பேரவை மசோதாவைக் குறிக்கும், மேலே சொன்ன தேர்வை அன்று) பட்டக் கணக்கில் சேராத அடிப்படைக் கணித வகுப்புகளில் மாணவர்களை அடைத்துவைப்பதைக் கட்டுப்படுத்தியது, 2022இன் ஏ.பி. 1705 சட்டம் அதை மேலும் இறுக்கி, அறிவியல், கணிதத் துறைகளை நாடுவோர் 2025 இலையுதிர் பருவத்திலிருந்து பெரும்பாலும் நேரடியாக நுண்கணிதத்திலேயே சேர்க்கப்படும் நிலையைக் கொண்டுவந்தது. சமுதாயக் கல்லூரிக் கணித ஆசிரியர்கள் பலர் இதைக் கவலையோடு எதிர்த்தார்கள், அந்தக் கவலையில் நியாயமும் உண்டு. நுண்கணிதத்தில் தடுமாறுபவர்கள் பலரும் எல்லை, வகையீடு ஆகிய புதிய கருத்துகளில் தடுமாறுவதில்லை. பின்னங்களைச் சுருக்குவதிலும், முக்கோணவியல் முற்றொருமைகளிலும், நேர்மாறு சார்புகளிலும், மடக்கையிலும்தான் நேரத்தை இழக்கிறார்கள். நம் மாணவி முன்நுண்கணிதத்தை முடித்திருக்கிறார், ஆயினும் பி தரம் என்பது சில ஓட்டைகளைக் குறிக்கலாம். ஆகையால் சேர்வதற்கு முந்தைய கோடையில் இந்த நான்கு பகுதிகளை மட்டும் குறிவைத்துப் பயிற்சி செய்வதும், கல்லூரி நுண்கணிதத்துடன் இணைத்து ஒரு துணைவகுப்பை வழங்கினால் அதில் சேர்வதும் திட்டத்தில் எழுதப்பட்டன.

செமஸ்டர் முறையா, காலாண்டு முறையா என்பதும் இங்கே கவனிக்கத்தக்கது. குப்பர்டினோவின் டி ஆன்சா கல்லூரியும் அருகிலுள்ள ஃபூட்ஹில் கல்லூரியும் காலாண்டு முறையில், அதாவது கோடை நீங்கலாக ஆண்டுக்கு மூன்று பருவங்களாக, இயங்குபவை. செமஸ்டர் கல்லூரிகள் மூன்று பாடங்களாக நடத்தும் நுண்கணிதத்தை டி ஆன்சா நான்காகப் பிரித்து நடத்துகிறது. இரண்டு முறைகளும் சமமானவை. ஆனால் தொடரின் நடுவில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவினால், ஒரு பகுதியை இருமுறை படிக்கவோ ஒரு பகுதியைப் படிக்காமலே விடவோ நேரும். எந்தக் கல்லூரியில் தொடங்கினாலும் நுண்கணிதத் தொடரை அங்கேயே முடித்துவிட வேண்டும்.

ஒரே பட்டம், இரண்டு வாயில்கள்

2010இல் நிறைவேறிய எஸ்.பி. 1440 சட்டத்தின்படி உருவான மாறுதலுக்கான இணைப்பட்டம், அதாவது சமுதாயக் கல்லூரியின் ஈராண்டுப் பட்டம், மாநிலப் பல்கலைக்கழகத்தை நோக்கியது. 60 செமஸ்டர் யூனிட்டுகளில் (யூனிட்டு என்பது பாடத்தின் அளவைக் குறிக்கும் கணக்கு) இதை முடிப்பவருக்கு மாநிலப் பல்கலைக்கழக அமைப்பில் ஓர் இடம் உறுதி. விரும்பிய வளாகத்தில் என்பது உறுதி இல்லை. ஒத்த துறையில் சேர்ந்தால் மேலும் 60 யூனிட்டுகளில் இளநிலைப் பட்டத்தை முடிக்கலாம்.

கணிதத்திற்கான இந்தப் பட்டத்தின் அமைப்பைக் கூர்ந்து படிக்க வேண்டும். மூன்று நுண்கணிதப் பாடங்கள் கட்டாயம். அதன்பின் நேரியல் இயற்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகள் ஆகிய இரண்டில் ஒன்று போதும். இன்னொரு பாடத்தை, விடுபட்ட அந்த மற்றொன்று, தனிநிலைக் கணிதம், நிரலாக்கம், நுண்கணிதம் சார்ந்த இயற்பியல், தொடக்கநிலைப் புள்ளியியல் போன்றவற்றிலிருந்து தேர்ந்தெடுக்கலாம். நேரியல் இயற்கணிதமும் தொடக்கநிலைப் புள்ளியியலும் எடுத்த ஒருவருக்குக் கணிதத்தில் மாறுதல் பட்டம் கிடைத்துவிடும். ஆனால் அந்தப் பட்டத்தை எடுத்துக்கொண்டு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் கணிதத் துறைக்கு விண்ணப்பித்தால் அவர் தயாராகாதவராகவே கருதப்படுவார். 2015இல் அப்பல்கலைக்கழகம் வெளியிடத் தொடங்கிய மாறுதல் வழித்தடங்களில் கணிதத்துக்கான வழித்தடம் ஒருமாறி நுண்கணிதம், பலமாறி நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகள் ஆகிய அனைத்தையும் எதிர்பார்க்கிறது. பட்டம் பெறுவதும் துறைக்குத் தயாராவதும் வேறுவேறு என்பதை மாணவர்கள் பலர் இரண்டாம் ஆண்டின் நடுவில்தான் உணர்கிறார்கள், அப்போது சங்கிலியில் இடமிருப்பதில்லை.

இதற்குத் தீர்வு எளிது: பட்டத்தின் விருப்பப் பாடங்களை நிரப்பும்போது எப்போதும் பல்கலைக்கழகத்தின் கடுமையான பட்டியலையே பின்பற்றுவது. நேரியல் இயற்கணிதமும் வகைக்கெழுச் சமன்பாடுகளும் இரண்டு இடங்களையும் நிரப்பிவிடுகின்றன. தனிநிலைக் கணிதமும் நிரலாக்கமும் இயற்பியலும் அதற்கு மேல் சேர்கின்றன. மாணவியின் கையில் இருக்கும் ஒரே திட்டம் இரண்டு வாயில்களையும் திறந்து வைக்கிறது.

வளாகம் தோறும் என்ன தேவை என்பதை அறிய அசிஸ்ட் என்னும் அதிகாரபூர்வ இணையத் தரவகம் உள்ளது. எந்தச் சமுதாயக் கல்லூரியின் எந்தப் பாடம் எந்த அரசுப் பல்கலைக்கழக வளாகத்தின் எந்தப் பாடத்திற்கு ஈடாகும் என்பதை ஆண்டுவாரியாக அது காட்டும். ஆலோசகர் சொல்வது, நண்பர் சொல்வது, கல்லூரிக் கையேடு சொல்வது ஆகிய எல்லாவற்றையும் இதனோடு ஒப்பிட்டே ஏற்க வேண்டும். சில ஒப்பந்தங்களில் நுணுக்கம் இருக்கிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் கணிதம் 54 என்னும் பாடம் நேரியல் இயற்கணிதத்தையும் வகைக்கெழுச் சமன்பாடுகளையும் ஒரே பாடமாக இணைத்து நடத்துவது. ஆகையால் சமுதாயக் கல்லூரியில் அவ்விரண்டும் தனித்தனிப் பாடங்களாக இருந்தால், பொதுவாக இரண்டையும் முடித்தால்தான் அதற்கு ஈடாகும், ஒன்று மட்டும் பாதி ஈடு ஆகாது. லாஸ் ஏஞ்சலிஸ் வளாகம் அதே உள்ளடக்கத்தை 33ஏ, 33பி என்று இரண்டாகப் பிரித்திருக்கிறது. அதனுடன் ஒரு நிரலாக்கப் பாடத்தையும் எதிர்பார்க்கிறது. பெர்க்லி கணிதம் 55 என்னும் தனிநிலைக் கணிதத்தையும் முதன்மைப் பாடத்திற்கான முன்தேவையாகக் கொண்டுள்ளது. மாணவியின் பட்டியலில் தனிநிலைக் கணிதமும் நிரலாக்கமும் இடம்பெற்றதற்கு இவைதான் காரணம்.

யூனிட்டுக் கணக்கு

பொதுக்கல்வியைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 2021இன் ஏ.பி. 928 சட்டத்தின் விளைவாக, 2025 இலையுதிர் பருவத்தில் சேர்ந்தவர்கள் முதற்கொண்டு இரண்டு பல்கலைக்கழக அமைப்புகளுக்கும் பொதுவான கால்-கெட்சி என்னும் ஒரே பொதுக்கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 11 பாடங்களும் ஓர் ஆய்வகமும், 34 யூனிட்டுகள். ஒவ்வொன்றிலும் குறைந்தது சி தரம் வேண்டும். சி மைனஸ் ஏற்கப்படாது.

இந்த 34இல் கணிதத்திற்கான இடத்தை நுண்கணிதமும், இயற்பிய அறிவியலுக்கும் ஆய்வகத்திற்கும் உரிய இடங்களை இயற்பியலும் நிரப்பிவிடுவதால், எஞ்சுவது ஏறத்தாழ 28 யூனிட்டுகள். முதன்மைப் பாடத் தயாரிப்பு, நுண்கணிதம் மூன்றும் ஐந்தைந்து யூனிட்டுகளாகவும், நேரியல் இயற்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகள், தனிநிலைக் கணிதம், நிரலாக்கம், இயந்திரவியல் இயற்பியல் ஆகியவை நான்கு நான்காகவும் கொண்டால் 35. மொத்தம் 63. சமூக அறிவியலுக்குரிய இரண்டு இடங்களில் அமெரிக்க வரலாற்றையும் அமெரிக்க அரசியலமைப்பையும் எடுப்பது நல்ல தெரிவு. மாநிலப் பல்கலைக்கழகம் பட்டம் வழங்குவதற்கு அவ்விரண்டையும் கேட்கிறது, ஆகவே பின்னால் இரண்டு இடங்கள் மிஞ்சும்.

பருவவாரியாகத் திட்டம் இப்படி அமைந்தது. 2025 இலையுதிர் பருவத்தில் நுண்கணிதம் ஒன்று, ஆங்கிலக் கட்டுரை, நிரலாக்கம், இன ஆய்வு. 2026 வசந்தத்தில் நுண்கணிதம் இரண்டு, இயந்திரவியல், தர்க்கச் சிந்தனைப் பாடம், அமெரிக்க வரலாறு. அந்தக் கோடையில் பேச்சுக்கலை மட்டும். 2026 இலையுதிர் பருவத்தில் பலமாறி நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், அரசியலமைப்பு, உயிரியல். 2027 வசந்தத்தில் வகைக்கெழுச் சமன்பாடுகள், தனிநிலைக் கணிதம், இலக்கியம், தத்துவம் போன்ற மனிதப்பண்பியல் பாடம் ஒன்று, கலைப் பாடம் ஒன்று. மூன்றாம் செமஸ்டரில் இரண்டு கணிதப் பாடங்கள் ஒன்றாக வருவது இத்திட்டத்தின் கடினமான பகுதி. பல கல்லூரிகள் இரண்டாம் நுண்கணிதத்திற்குப் பிறகு நேரியல் இயற்கணிதத்தை எடுக்க அனுமதிப்பதால் இது இயலுகிறது. இவ்விரண்டும் ஒன்றையொன்று தாங்குகின்றன என்பதும் உண்மை. சாய்வுத் திசையன், யாக்கோபியன் போன்றவற்றை அணிகளோடு சேர்த்துக் கற்பவருக்குப் பலமாறி நுண்கணிதம் சூத்திரக் குவியலாகத் தெரியாது.

மாநிலத்தில் வசிப்பவருக்கு யூனிட்டுக்கு 46 டாலர் என்பது 2012 முதல் மாறாத கட்டணம். 63 யூனிட்டுகளுக்கு 2,898 டாலர். முதன்முறை முழுநேரம் சேர்பவர்களுக்கு இரண்டு ஆண்டுகள் வரை இக்கட்டணத்தையும் விலக்கும் திட்டங்கள் பல கல்லூரிகளில் உண்டு. பல்கலைக்கழகத்தில் முதல் இரண்டு ஆண்டுகளைக் கழிப்பதற்கு ஆகும் செலவோடு இதை ஒப்பிடவும் வேண்டியதில்லை.

தமிழ்க் குடும்பங்களில் சிலருக்கு இங்கே தனியான ஒரு சிக்கல் எழும். பெற்றோரின் எச்-1பி விசாவைச் சார்ந்து எச்-4 தகுதியில் இருக்கும் பிள்ளைக்கு 21 வயது நிறைந்ததும் அந்தத் தகுதி முடிந்துவிடும். பசுமை அட்டை அதற்குள் வராவிட்டால் எஃப்-1 மாணவர் தகுதிக்கு மாற வேண்டியிருக்கும். அம்மாற்றம் கட்டண வகையை மாற்றக்கூடும். எஃப்-1 தகுதியில் முழுநேரப் பாடச்சுமை கட்டாயம், அந்தக் கணக்கில் சேரும் இணையவழி வகுப்புகளுக்கும் வரம்பு உண்டு. மூன்றாம் ஆண்டின் நடுவில் 21 வயது வரும் பிள்ளை என்றால், இது முதல் ஆண்டிலேயே சேர்க்கைப் பதிவு அலுவலகத்திலும் குடிவரவு வழக்கறிஞரிடமும் கேட்டுத் தெளிய வேண்டியது.

தெரிவுக்குழுவின் கண்ணில் எது படும்

திட்டத்தின் இன்னொரு அச்சு நாட்காட்டி. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆறு வளாகங்கள், அதாவது டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகியவை, சேர்க்கை உறுதி ஒப்பந்தத்தை வழங்குகின்றன. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலிஸ், சான் டியாகோ ஆகிய மூன்றும் வழங்குவதில்லை. ஒரு வளாகத்திற்கு மட்டுமே இந்த ஒப்பந்தத்தைக் கோர முடியும். அதற்கான மனுவை மாறுதலுக்கு முந்தைய ஆண்டின் செப்டம்பர் மாதத்தில் அளிக்க வேண்டும். அப்போது பெரும்பாலும் 30 யூனிட்டுகள் முடிந்திருக்க வேண்டும். மாணவி 2026 செப்டம்பருக்குள் அதைத் தாண்டியிருப்பார். தேவையான தரப்புள்ளி வளாகத்திற்கும் துறைக்கும் ஏற்ப வேறுபடுவதால் அந்த ஆண்டின் அட்டவணையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

பொது விண்ணப்பம் இலையுதிர் பருவத்தில், நவம்பர் இறுதியை ஒட்டி முடிகிறது. அப்போது மாணவியின் கணிதத் தரங்களில் நுண்கணிதத்தின் முதல் இரண்டு மட்டுமே இருக்கும். ஜனவரியில் நிரப்பும் புதுப்பித்தல் படிவத்தில்தான் பலமாறி நுண்கணிதமும் நேரியல் இயற்கணிதமும் தரத்தோடு சேரும். தெரிவுக்குழு பார்க்கும் கணித முகம் இந்த நான்கு பாடங்கள்தான். வகைக்கெழுச் சமன்பாடுகளும் தனிநிலைக் கணிதமும் திட்டமிட்ட பாடங்களாக மட்டும் தெரியும். நேரியல் இயற்கணிதத்தை நான்காம் செமஸ்டருக்குத் தள்ளியிருந்தால் தரத்தோடு நிற்பவை மூன்று மட்டுமே. மூன்றாம் செமஸ்டரின் சுமையை ஏற்றதற்கு இது இரண்டாவது காரணம்.

விண்ணப்பத்தில் மாறுதல் மாணவர்கள் அனைவரும் விடையளிக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: தாம் தேர்ந்த துறையின் மேல்நிலைப் பாடங்களுக்கு எவ்வாறு தயாராகியிருக்கிறார்கள் என்பது. கணிதம் மிகவும் பிடிக்கும் என்று 350 சொற்களில் எழுதுவது வீண். தான் படித்த ஒரு தேற்றத்தை, அதில் எந்த நிபந்தனையை நீக்கினால் அது பொய்யாகிறது என்று தானே கண்டுபிடித்த ஓர் எதிரெடுத்துக்காட்டை எழுதக்கூடியவராக அப்போது அவர் இருக்க வேண்டும். அதற்கு அடுத்த பகுதியில் சொல்லப்போகும் தயாரிப்பு முதலாண்டிலேயே தொடங்க வேண்டும்.

நிறுவல் என்னும் குறுகிய வாயில்

இந்த ஆய்வின் மையம் இதுவே. சமுதாயக் கல்லூரியின் இரண்டு ஆண்டுக் கணிதம் பெரும்பாலும் கணக்கிடும் கணிதம். தொகையிடு, தீர், அணியைச் சுருக்கு, ஐகன் மதிப்பைக் காண் என்று கேட்கும். பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டோ மெய்ப்பகுப்பாய்வும் நுண்புல இயற்கணிதமும். அங்கே ஏறக்குறைய ஒவ்வொரு வினாவும் "நிறுவுக" என்று தொடங்கும், அதாவது ஒரு கூற்று ஏன் உண்மை என்பதைத் தர்க்கப்படி காட்டச் சொல்லும். பல்கலைக்கழகத்திலேயே தொடங்கியவர்கள் இரண்டாம் ஆண்டில் ஒரு பாலப் பாடத்தின் வழியாக இந்த இடைவெளியைக் கடந்துவிடுகிறார்கள். மாறுதல் மாணவருக்கு அந்தப் பாலம் கிடைப்பது அரிது. அர்வைனின் கணிதம் 13, சாண்டா பார்பராவின் கணிதம் 8 ஆகியவை கீழ்நிலைப் பாடங்கள்தான். எனினும் மிகச் சில சமுதாயக் கல்லூரிகளில்தான் அவற்றுக்கு ஈடான பாடம் உள்ளது. சான் டியாகோவில் 109, டேவிஸில் 108, சாண்டா குரூஸில் 100 ஆகியவை அந்தப் பணியைச் செய்கின்றன. லாஸ் ஏஞ்சலிஸில் கோட்பாட்டு நேரியல் இயற்கணிதமான 115ஏ நடைமுறையில் அந்த வாயிலாக நிற்கிறது.

இதன் விளைவை எண்ணிப் பார்ப்போம். பெர்க்லியும் மெர்செட்டும் தவிர மற்ற வளாகங்கள் காலாண்டு முறையில் இயங்குபவை. மாறிச் செல்பவரின் கையில் இருப்பது ஆறு காலாண்டுகள். முதல் காலாண்டில் பாலப் பாடத்தை எடுத்தால் பகுப்பாய்வும் இயற்கணிதமும் இரண்டாம் காலாண்டில்தான் தொடங்கும். அத்தொடரின் முதல் பாடம் எல்லாக் காலாண்டுகளிலும் நடத்தப்படாத வளாகமானால் அடுத்த இலையுதிர் பருவம் வரை காத்திருக்க நேரும். முனைவர் படிப்புக்கு விண்ணப்பிப்பவர் இறுதியாண்டின் டிசம்பரை ஒட்டி விண்ணப்பிக்க வேண்டும். அதற்குள் அவரிடம் பகுப்பாய்வில் ஒரு தரமும், அவரை அறிந்த இரண்டு மூன்று பேராசிரியர்களும் இருக்க வேண்டும். முதல் காலாண்டில் பாலப் பாடத்தில் இடம் கிடைக்காமல் போனால் இந்த வரிசை முழுவதும் சரிகிறது. வளாகத்தை ஒப்பிடும்போது தரவரிசையைப் பார்ப்பதைவிட, பாலப் பாடம் எந்தப் பருவங்களில் நடக்கிறது, அதன்பின் இயற்கணிதத் தொடர் எப்போது தொடங்குகிறது என்பதைப் பார்ப்பது மாணவிக்கு அதிகம் உதவும். ஆசிரியராக விரும்புபவருக்கோ காப்புறுதிக் கணிப்பியலுக்குச் செல்பவருக்கோ இந்த அழுத்தம் இவ்வளவு இல்லை. அவர்களுக்கு மாநிலப் பல்கலைக்கழகமே பல வகைகளில் பொருத்தமானது.

தமிழ்நாட்டில் இளநிலைக் கணிதம் படித்த பெற்றோர்கள் இவ்விடத்தில் குழம்புவதுண்டு. அங்கே முதல் செமஸ்டரிலிருந்தே முதன்மைப் பாடம்தான். நுண்புல இயற்கணிதத்தின் குலங்களும் வளையங்களும், மெய்ப்பகுப்பாய்வும் மூன்றாண்டுக்குள் முடிந்துவிடும். இங்கே இரண்டு ஆண்டுகள் கடந்தும் பிள்ளை குலம் என்ற சொல்லையே கேட்டிருக்க மாட்டார். அது பிள்ளையின் குறையன்று, பாடத்திட்டத்தின் வரிசை. அந்தப் பெற்றோரின் பழைய அறிவு உண்மையில் வீட்டிலிருக்கும் செல்வம். வாரம் ஒரு மாலை மேசையில் உட்கார்ந்து, இரண்டின் வர்க்கமூலம் விகிதமுறா எண் என்பதையும், பகா எண்கள் முடிவிலாதவை என்பதையும் பிள்ளை தன் சொற்களில் நிறுவக் கேட்டாலே பாலத்தின் முதற்பலகை போட்டாகிவிட்டது.

எனவே திட்டத்தில் கணிதத்துக்கு வெளிப்படையான வரிசை ஒன்றும், அதன் கீழே மறைவாக இன்னொரு வரிசையும் எழுதப்பட்டன. முதலாண்டில் எல்லைக்குரிய எப்சிலான்-டெல்டா வரையறையை ஆசிரியர் விரைந்து கடந்தாலும் மாணவி அதில் நின்று ஐந்தாறு நிறுவல்களை முழுமையாக எழுதிப் பார்ப்பார். நுண்கணிதம் இரண்டில் தொடர்களின் ஒருங்கு சோதனைகள் வரும்போது அவற்றின் நிறுவல்களை வகுப்பில் கேட்காவிட்டாலும் படிப்பார். நேரியல் இயற்கணிதத்தில் திசையன் வெளியின் அடிகோள்களிலிருந்து தொடங்கி, எந்த அடுக்களத்தை எடுத்தாலும் அதிலுள்ள திசையன்களின் எண்ணிக்கை மாறாதது என்பது வரை வரிசையாக நிறுவிப் பார்ப்பது மூன்றாம் செமஸ்டரின் மறைவான பணி. தனிநிலைக் கணிதத்தில் தொகுத்தறிதல், முரண்பாட்டு நிறுவல், சார்புகள், சமானத் தொடர்பு ஆகியவை முறையாகவே வரும். சமுதாயக் கல்லூரியில் நிறுவல் எழுதித் திருத்தம் பெறக்கூடிய சிறந்த வகுப்பு பெரும்பாலும் அதுதான். ஆசிரியரின் அலுவல் நேரத்தில் சென்று தன் நிறுவலைக் காட்டி எந்த வரி போதவில்லை என்று கேட்கும் பழக்கம் வேறெதிலும் கிடைக்காத பலனைத் தரும். இரண்டாண்டுக் கல்லூரிகளின் கணித ஆசிரியர் சங்கமான அமாட்டிக் நடத்தும் மாணவர் கணிதப் போட்டியும் பயனுள்ளது. தேசிய அறிவியல் நிறுவனத்தின் நிதியில் நடக்கும் கோடை ஆராய்ச்சித் திட்டங்கள் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும் உரியவை. தகுதி உள்ளவர் சமுதாயக் கல்லூரியில் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம்.

எங்கே முறியக்கூடும்

இத்திட்டத்தில் உதிரி இடம் இல்லை. ஒரு நுண்கணிதப் பாடத்தில் தவறினால் ஒரு செமஸ்டர் போய்விடும். சமுதாயக் கல்லூரிகளில் ஒரே பாடத்தில் பொதுவாக மூன்று முறைக்கு மேல் சேர முடியாது. சி அல்லது அதற்கு மேல் பெற்ற பாடத்தைத் தரம் உயர்த்துவதற்காகத் திரும்ப எடுக்கவும் இயலாது. எனவே ஒரு பாடம் பாதியில் தடுமாறும்போது விலகுவதா, தொடர்வதா என்ற முடிவைக் கடைசி நாள் வரை ஒத்திப்போடக் கூடாது. விலகல் குறி தரப்புள்ளியைத் தாக்காது, ஒரு டி தரம் தாக்கும். விலகினால் மாறுதலை ஓராண்டு தள்ளுவது தோல்வியாகாது. பல்கலைக்கழகம் சமுதாயக் கல்லூரியிலிருந்து 70 செமஸ்டர் யூனிட்டுகள் வரை கணக்கில் எடுக்கும். சமுதாயக் கல்லூரியில் மட்டும் படித்தவர் அதைத் தாண்டினாலும் அதனால் மறுக்கப்படுவதில்லை. மூன்றாண்டில் உறுதியாகச் செல்வது இரண்டாண்டில் பலவீனமாகச் செல்வதைவிட எப்போதும் மேல் என்று நான் கருதுகிறேன். மூன்றாம் ஆண்டு கிடைத்தால் பாலப் பாடத்திற்கு ஈடான வகுப்பை வேறொரு கல்லூரியில் தேடவும் நேரம் இருக்கும்.

இன்னொரு முறிவு மாணவியின் கையில் இல்லாதது. சிறிய கல்லூரிகளில் வகைக்கெழுச் சமன்பாடுகளும் தனிநிலைக் கணிதமும் ஆண்டில் ஒருமுறைதான் நடத்தப்படலாம். சேர்ந்தவர்கள் குறைந்தால் வகுப்பு ரத்தாகவும் கூடும். அதற்காக, கல்லூரியின் ஈராண்டு வகுப்பு அட்டவணையை முதல் செமஸ்டரிலேயே துறைத் தலைவரிடம் கேட்டறிவதும், அருகிலுள்ள இரண்டு கல்லூரிகளிலும் கலிபோர்னியா மெய்நிகர் வளாகத்தின் வழியான இணைய வகுப்புகளிலும் மாற்றைக் குறித்துவைப்பதும் திட்டத்தில் சேர்க்கப்பட்டன. மாற்று வகுப்பையும் அசிஸ்டில் தனியாகச் சரிபார்க்க வேண்டும். ஒரு கல்லூரிக்குப் பொருந்தும் ஒப்பந்தம் மற்றொன்றுக்குப் பொருந்தாமல் இருக்கலாம்.

2027 வசந்தம் வரும்போது சேர்க்கை முடிவுகள் வந்துவிடும், விருப்ப உறுதியை ஜூன் 1க்குள் அளிக்க வேண்டும், இறுதி மதிப்பெண் சான்றுகள் ஜூலை தொடக்கத்திற்குள் சென்று சேர வேண்டும். கையில் அழைப்பு வந்த பிறகு நான்காம் செமஸ்டரில் தளர்ந்து வகைக்கெழுச் சமன்பாடுகளில் டி பெற்றவரின் சேர்க்கையைத் திரும்பப் பெறப் பல்கலைக்கழகத்திற்கு உரிமை உண்டு. ஆகவே அந்த வசந்தத்தில் புதிய பொறுப்புகள் எதையும் ஏற்காமல் இருப்பது நல்லது. அழைப்பை ஏற்ற அதே வாரத்தில் கணிதத் துறையின் இளநிலை ஆலோசகருக்கு எழுதி, முடித்த பாடங்களின் பாடத்திட்டப் பிரதிகளை அனுப்பி, முதல் காலாண்டில் பாலப் பாடத்தில் இடம் பெறுவதற்கான வழியையும் அறிமுக நாட்களில் பாடப்பதிவு தொடங்கும் நேரத்தையும் கேட்டறிய வேண்டும். மாறுதல் மாணவர்களின் பதிவு நேரம் பிந்தி வருமானால், அந்த ஒரு வகுப்பையே முதலில் பதிந்துவிட்டு மற்றவற்றை அதைச் சுற்றி அமைத்துக்கொள்ள வேண்டும்.